வழியில்லாத விளைகள்

"வயல நெரப்பாதீங்கன்னு சொல்லுதிய, சரிதான். அப்பம் நாங்க எங்க போயி வீடு வைக்க, அக்கா?"

சித்தப்பா மகன் இதைக் கோபத்தில் கேட்கவில்லை. எங்கள் ஊருக்குக் கிழக்கே இருக்கும் ஏலாவில், அதாவது வயல்வெளியில், டிப்பர்கள் செம்மண் கொட்ட ஆரம்பித்தபோது, ஆட்சியருக்கு மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். அவனும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பித் தரும்போதுதான் இப்படிக் கேட்டான். அவன் வயரிங் வேலை செய்கிறான், அவன் மனைவி அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகிறாள். குடும்ப வீடு அண்ணனுக்கு ஒதுங்கிவிட்டது. இரண்டு பிள்ளைகளோடு ஓட்டு வீட்டின் ஒரு பாதியில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவன் கேட்பது ஐந்து சென்ட். ஒரு லாரி வந்து கம்பியும் ஜல்லியும் இறக்குகிற மாதிரி ஒரு வழி இருந்தால் போதும்.

அந்த மனுவில் எழுதிய ஒவ்வொரு வரியும் சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அவன் கேள்விக்கு அதில் பதில் இல்லை. வயலைக் காக்க வேண்டும் என்று பேசுகிற யாரிடமும் அதற்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. "அடுக்குமாடி கட்டலாம்" என்றார் ஒருவர். "பிள்ளைகள் வெளியூருக்குத்தானே போகிறார்கள்" என்றார் இன்னொருவர். இங்கேயே வேலை செய்து இங்கேயே வாழ நினைக்கிறவனிடம் இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் நெருக்கடி நமக்கெல்லாம் தெரிந்ததுதான். மொத்தப் பரப்பே சுமார் 1,670 சதுர கிலோமீட்டர், அதில் ஏறத்தாழ 30 சதவீதம் காடு. 2001-இல் 16.76 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2011-இல் 18.70 லட்சமானது. அந்தக் கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டில் அன்றைக்குச் சென்னைக்கு அடுத்த நெருக்கம் இங்கேதான். ஆள் எண்ணிக்கையைவிட வேகமாகக் குடும்பங்களின் எண்ணிக்கை கூடுகிறது. பெரிய குடும்பத்துக்கு ஒரு வீடு என்றிருந்தது போய்ச் சின்னச் சின்னக் குடும்பத்துக்கு ஒரு வீடு என்றாகிவிட்டது. மலையடிவாரக் கிராமங்கள் பலவற்றில் ஹாக்கா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி இல்லாமல் மனை பிரிக்க முடியாது. குளத்துப் புறம்போக்கைத் தொடக்கூடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன, அது சரியும்கூட. மிச்சம் இருப்பது வயலும், தென்னையும் பலாவும் நிற்கிற மேட்டு நிலமான விளையும்தான்.

தரகர் காட்டிய மனைகள்

மனு கொடுத்த கையோடு நானும் அவனுடன் இடம் பார்க்கப் போனேன். வில்லுக்குறி, இரணியல், திங்கள்சந்தை என்று தரகர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதெல்லாம் ஒன்று வயல், இல்லையென்றால் போன வருடம் வரை வயலாக இருந்த இடம். "விளையில இடம் இல்லையா?" என்று கேட்டேன். "விளை நெறைய கெடக்கு டீச்சர். லாரி போகாது" என்றார். எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லிச் சலித்த பதில் என்று குரலிலேயே தெரிந்தது.

வயல் மனையாவதற்கு ஒரு வழக்கமான வரிசை உண்டு. முதலில் நெல்லை விட்டு வாழை வைப்பார்கள், அப்புறம் தென்னை. சில வருடம் தரிசாகப் போடுவார்கள். நடுவில் யாராவது ஒருவர் மண்ணடித்து நிரப்பிவிட்டால் அவருக்குக் கீழே இருக்கிற வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் போகாது. முதல் போகமான கன்னிப்பூ போச்சு, இரண்டாம் போகமான கும்பப்பூவாவது எடுக்கலாம் என்று இரண்டு வருடம் இழுத்துப் பார்ப்பார்கள். பிறகு அவர்களும் விற்றுவிடுவார்கள். பேச்சிப்பாறை அணையிலிருந்து சானல் வழியாக இத்தனை தூரம் வருகிற தண்ணீர் கடைசி இருநூறு அடியில் நின்றுபோகிறது. அந்தத் தண்ணீருக்கும் போக இடம் வேண்டுமே. 2021 நவம்பர் மழையில் எந்தெந்த வீடுகளுக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது என்று நாஞ்சில் நாட்டுக்காரர்களிடம் கேட்டால் பழைய வயல்களின் பெயரைச் சொல்லியே பதில் சொல்வார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. நஞ்சையை வேறு உபயோகத்துக்கு மாற்ற மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், வேளாண் துறையின் கருத்தும் கேட்கப்படும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவும், 2017-இல் வந்த வரன்முறைத் திட்டமும் நம்மில் பலருடைய பத்திரங்களில் தழும்பாகவே பதிந்திருக்கின்றன. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் 2008-லிருந்து நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. வேறு நிலமே இல்லாத வயல் சொந்தக்காரர் தன் குடும்பத்துக்கு வீடு கட்ட ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரைக்கும், நகரசபை, மாநகராட்சிப் பகுதியில் 5 சென்ட் வரைக்கும் அனுமதி கேட்கலாம். வயலைக் காக்கிற சட்டத்துக்குள்ளேயே வீடில்லாதவனுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தச் சட்டம் அங்கே எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பது தனி விவாதம். ஆனால் அந்த எண்ணம் நம் பக்கம் வரவே இல்லை. அதே சமயம், சித்தப்பா மகனுக்கு அந்தச் சட்டத்தாலும் பலன் இல்லை. அவனுக்கு வயலும் கிடையாதே.

பங்கு வந்தது, வழி வரவில்லை

தரகர் சொன்ன "லாரி போகாது" என்ற சொல்தான் என்னை விளைகளின் பக்கம் திருப்பியது. மாவட்டத்தின் கிழக்கு வட்டங்களான தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் ஊர் என்றால் தெருவும் அக்ரகாரமும் முடுக்குமாகச் சேர்ந்து இருக்கும், சுற்றி வயல் கிடக்கும். ஊர் பெருத்தால் வயலுக்குள் இறங்குவதைத் தவிர வேறு போக்கில்லை. மேற்கே கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் பக்கம் அப்படி இல்லை. ஒவ்வொரு வீடும் அதனதன் விளைக்கு நடுவில் இருக்கும். சுற்றி தென்னை, பலா, அயனி, கொல்லமா, மரச்சீனி. பக்கத்து வீட்டுக்குப் போக வேலி ஓரமாக ஒற்றையடி வழி. நடந்து போகிற காலத்தில் அது போதுமானதாக இருந்தது.

பிறகு பாகப்பிரிவினைகள் வந்தன. தாய்வழியில் சொத்து இறங்குகிற மருமக்கள்வழிக் குடும்பங்களின் சொத்தை ஆளுக்கொரு பங்காகப் பிரிக்க 1925, 1926 ஆண்டுகளிலேயே திருவிதாங்கூர் அரசு சட்டங்கள் கொண்டுவந்தது. 1986-இல் மேரி ராய் வழக்கின் தீர்ப்பு பழைய திருவிதாங்கூர் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சமபங்கு கிடைக்க வழிசெய்தது. 1989-இல் தமிழ்நாடு அரசு இந்துப் பெண்களுக்கும் பரம்பரைச் சொத்தில் பங்கு தந்தது. இதில் ஒன்றைக்கூட நான் குறையாகச் சொல்லமாட்டேன். எனக்கு மண் இருப்பதே என் அம்மாவுக்குப் பங்கு கிடைத்ததால்தான். ஆனால் பங்கு பிரித்த எந்தப் பத்திரத்திலும் வழியைப் பற்றி யாரும் தீர யோசிக்கவில்லை. "3 அடி நடைவழி" என்று ஒரு வரி எழுதி முடித்துவிட்டார்கள்.

என் அம்மை வழிப் பாட்டாவின் விளை 1 ஏக்கர் 30 சென்ட். இப்போது அதில் ஏழு பட்டாக்கள். ரோட்டு முகப்பு இரண்டே பங்குக்குத்தான். அம்மாவுக்கு வந்த பங்கில் எனக்குப் பின்பக்கம் 11 சென்ட் இருக்கிறது. ரோட்டிலிருந்து அங்கே போக 250 அடி நீளத்தில் அந்த மூன்றடி வழி. சித்தப்பா மகனுக்கு ஐந்து சென்ட் அங்கேயே கொடுக்கலாமே என்று பலமுறை நினைத்திருக்கிறேன். கொடுத்தால் அவன் என்ன செய்வான்? ஜல்லியைத் தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டும், கூலியே பாதி வீட்டுச் செலவாகிவிடும். வங்கிக்குப் போனால் வரைபட அனுமதி எங்கே என்பார்கள், அனுமதிக்குப் போனால் சாலை அகலம் எவ்வளவு என்பார்கள். ராத்திரியில் பிள்ளைக்கு முடியாமல் போனால் ஆம்புலன்ஸ் ரோட்டிலேயே நிற்கும். பத்திரத்தில் 11 சென்ட் என்றிருந்தாலும் வீடு கட்டுகிறவனுக்கு அது நிலமே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நில அளவைப் புலப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு எங்கள் விளையை மட்டுமல்ல, அக்கம்பக்கத்துப் புல எண்களையும் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான். ரோட்டோரத்தில் வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. உள்ளே போகப் போகக் காய்ப்பு நின்ற தென்னையும் காடுபிடித்த வாழையும். சிலவற்றில் வளைகுடாவுக்குப் போனவர்கள் கட்டிப் பூட்டிப்போட்ட பழைய வீடுகள். நம்மிடம் வீட்டுக்கு நிலம் இல்லை என்று இத்தனை நாள் பேசிக்கொண்டிருக்கிறோம். கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் நிலம் இருக்கிறது, உள்ளே போகத்தான் வழி இல்லை. விளைக்குள் போக முடியாததால் எல்லோரும் ஏலாவுக்குள் இறங்குகிறோம்.

பெரியம்மை கேட்டது

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வழியை 12 அடியாக்க வேண்டுமென்றால் கூடுதலாக 9 அடி வேண்டும். 250 அடிக்கு 2,250 சதுர அடி, அதாவது ஐந்து சென்டுக்குச் சற்று மேல். 130 சென்டில் ஐந்து சென்டை விட்டுக்கொடுத்தால் பின்னால் இருக்கிற அத்தனை பங்குக்கும் வண்டி போகும். இவ்வளவு எளிதான கணக்கை இத்தனை வருடம் யாரும் போடாமல் இருந்திருக்கிறோமே என்று ஆச்சரியமாக இருந்தது. மாமன்மாரையும் மற்றவர்களையும் பெரியம்மை வீட்டுத் திண்ணைக்குக் கூப்பிட்டுத் தாளை விரித்துக் காட்டினேன்.

பெரியம்மையின் பங்கு ரோட்டோரத்தில் இருக்கிறது. வழியின் முதல் 80 அடி அவள் மண்ணில்தான் போகிறது. அவளுக்குப் போவது மட்டும் ஒன்றரை சென்டுக்கு மேல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு ரோடு வாசல்லயே கெடக்கு மக்களே. எம் மண்ண குடுத்து ஒங்க மண்ணுக்கு வெல ஏத்தணும். அதுதானே?" என்றாள். யாரும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? அவள் சொன்னது முழுக்க உண்மை. வழி வந்தால் பின்பக்கத்து மண்ணின் விலை ஏறும், என்னுடையது உட்பட. அவளுக்கு இழப்பு மட்டும்தான்.

அன்றைக்குத் திரும்பி வரும்போதுதான் வயல் ஏன் இவ்வளவு சுலபமாக மனையாகிறது என்பது எனக்கு முழுதாகப் பிடிபட்டது. இரண்டு ஏக்கர் ஏலாவை வாங்குகிற புரமோட்டர் ஒரே ஆள். சாலைக்கு விட்ட மண்ணின் விலையை அவர் மனைகளின் விலையில் ஏற்றி எடுத்துவிடுவார். இழப்பும் லாபமும் ஒரே பையில். எங்கள் விளையில் ஏழு பேர். இழப்பு ஒருத்திக்கு, லாபம் பின்பக்கத்து ஐந்து பேருக்கு. அதைச் சமன்செய்து கொடுக்க நடுவில் யாரும் இல்லை, எனக்குத் தெரிந்து எந்த அலுவலகமும் இவ்வளவு சின்ன விளைக்கு அதைச் செய்து தருவதில்லை. மனை அங்கீகார விதிகளும் ஒரே கையில் உள்ள நிலத்தைத் துண்டு போடுகிறவருக்கென்றே எழுதப்பட்டவை. ஏற்கெனவே துண்டாகிக் கிடப்பதைச் சேர்த்து ஒழுங்குபடுத்த நினைக்கிற ஏழு பேருக்கு அவற்றில் இடம் இல்லை.

சில நாள் கழித்துப் பெரியம்மையே ஆளனுப்பிக் கூப்பிட்டாள். "பணம் தந்தா செலவழிஞ்சு போயிரும். மண்ணுக்கு மண்ணு தாங்க. எனக்குப் பொறத்த இருக்க மண்ணுல அத்தன சென்ட் நவுத்திக் குடுங்க. அயனிய வெட்டப்பிடாது, வழி அதச் சுத்திப் போட்டு" என்றாள். அவளுக்குப் பின்னால் இருப்பது சின்ன மாமாவின் பங்கு. அவர் நகர்ந்தால் அவருக்குப் பின்னால் இருப்பவர் நகர வேண்டும், கடைசியில் எல்லோர் எல்லையும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளும். இழப்பு ஏழாகப் பிரிந்துவிடும். குஜராத்தில் 1976-ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தின்கீழ் நகர விளிம்புகளில் செய்வது இதைத்தான். எல்லாருடைய நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்து, சாலைக்கும் பொது உபயோகத்துக்கும் போக மிச்சத்தை அவரவர் பங்கின்படி நேராக வெட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்தை நான்காம் வகுப்போடு விட்ட பெரியம்மை அதே தீர்வைத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். அவளுக்கு மண்ணும் தெரியும், எங்களையும் தெரியும்.

வழக்கு போட்டால் என்ன என்று ஒரு மாமன் மகன் கேட்டான். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் அவசிய வழி என்று ஒன்று உண்டு. வேறு வழியே இல்லாத நிலத்துக்கு நீதிமன்றம் வழி கொடுக்கும். ஆனால் எங்களுக்கு மூன்றடி ஏற்கெனவே இருக்கிறதே, அதைப் பன்னிரண்டாக்க அந்தச் சட்டத்தை நம்பிப் போக முடியாது. வருடக்கணக்கில் முன்சீப் கோர்ட்டுக்கு நடந்தால் பெரியம்மை வீட்டுக்குள் நாங்கள் யாரும் தலை காட்டவும் முடியாது.

கடற்கரையில் வேறு நிலை

இதையெல்லாம் எழுதும்போது கடற்கரை ஊர்களை மறந்துவிடக்கூடாது. அங்கே விளையே கிடையாது. ஒருபக்கம் கடல், மறுபக்கம் வேறு ஆட்களின் தோப்பு. நடுவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். கடலரிப்பு ஒரு வரிசை வீட்டை எடுத்தால் அந்தக் குடும்பங்கள் அடுத்த வரிசைக்குள்தான் ஒண்ட வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு கடலிலிருந்து தள்ளிக் குடியிருப்புகள் கட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் இப்போது கல்யாணமாகி, அதே சின்ன வீட்டுக்குள் இரண்டு குடும்பம், மூன்று குடும்பம். கட்டுமரமும் வலையும் இருக்கிறவனைப் பத்து கிலோமீட்டர் உள்ளே கொண்டுபோய்க் குடிவைக்கவும் முடியாது. அவர்களுக்கு அரசு விலை கொடுத்துத் தோப்பு நிலத்தை வாங்கித்தான் ஆக வேண்டும். விளைக்கு நான் சொல்வது அங்கே பொருந்தாது.

விளைப் பகுதிகளுக்கு அரசு பெரிய செலவு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் என்னை விடாமல் எழுதவைக்கிறது. 2024 ஜூலையில் சிறிய வீடுகளுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி என்று ஒரு திட்டம் வந்தது, நல்ல திட்டம். ஆனால் அது காகிதம் நகரும் வேகத்தைத்தான் கூட்டும், மூன்றடி வழி மூன்றடியாகவே இருக்கும். எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ ஐம்பது பேரூராட்சிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் இப்படிப்பட்ட விளைகளைக் கண்டுபிடித்து, பட்டாக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சர்வேயரை இலவசமாகக் கொடுத்து, வழிக்காக எல்லை மாற்றிக்கொள்ளும் பத்திரங்களுக்கு முத்திரைக் கட்டணத்தை விலக்கினால் போதும். வழி பேரூராட்சிக்கே தானப்பத்திரமாகப் போக வேண்டும். தனியார் வழியாக விட்டால் அடுத்த தலைமுறையில் யாராவது ஒருவர் நடுவில் கேட் போடுவார். பொதுவழியானால் குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் வரும். அப்புறம் வயல் பாதுகாப்புக்குக் கடுமையான சட்டம் கேட்க எனக்கு இரண்டு மடங்கு தெம்பு இருக்கும். இங்கே போய் வீடு வையுங்கள் என்று கைகாட்ட ஓர் இடம் இருக்குமே.

எங்கள் விளையில் இப்போது ஐந்து பேர் சம்மதித்திருக்கிறார்கள். ஆறாமவர் தன் பலாமரம் எந்தப் பக்கம் வரும் என்று பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஏழாவது பங்கு மஸ்கட்டில் இருக்கும் மாமன் மகனுடையது. ஏழு பேரும் ஒரே பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் என்பதால் அவன் அங்கே தூதரகத்தில் போய்ப் பவர் எழுதி அனுப்ப வேண்டும். அதற்கான வாசகத்தைப் பத்திர எழுத்தரிடம் வாங்கி அனுப்பிவிட்டேன். சர்வேயர் கட்டணத்தையும் கல் போடுகிற செலவையும் பின்பக்கத்து நான்கு பேர் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். சித்தப்பா மகன் வாடகை வீட்டுக்காரரிடம் இன்னும் ஒரு வருடம் கேட்டிருக்கிறான். நான் கொடுத்த மனுவுக்கு, ஏலாவை நேரில் பார்வையிட வருவதாக வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அன்றைக்குப் புலப்படத்தையும் கொண்டுபோய் அவர்களிடம் காட்டப்போகிறேன்.